இரண்டாம் நாள் குப்பி

அபர்டீனில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
திங்கட்கிழமை காலை, ஹெலிகாப்டருக்கு
ஐந்து மணி நேரம் இருக்கும்போது
மர்டோ கிலாண்டர்ஸ் கிளினிக்குக்குள் வந்து
வரவேற்பில் தன் பெயரை முணுமுணுத்தான்.
சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்கள்.
சொன்னான்.

செவிலி இஷ்பெல் முதலில் கேட்டது
யாருடன் என்றல்ல.
எப்போது?

"சனி இரவு."
விரல்விட்டு எண்ணினாள்.
எழுபத்திரண்டு மணி நேரம் இன்னும் ஆகவில்லை.
அதனால் மேலும் சில கேள்விகள்,
ஹெச்ஐவி தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று தீர்மானிக்க.
வேண்டியதில்லை என்றாள், ஏன் என்றும் சொன்னாள்.
அவன் காதில் முதல் சொல் மட்டும் ஏறியது.

"இப்போதே எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள்."
கடல்மேடையில் எரிவாயு
ஒரு மூச்சளவு கசிந்தாலும்
அலறிவிடும் கருவிகளோடு
பதினொரு வருடம் குடித்தனம் நடத்தியவன்.
உடம்பும் அப்படித்தான் என்று நம்பியிருந்தான்.

"சோதிக்கலாம்," என்றாள் இஷ்பெல்.
"ஆனால் இன்றைய சிறுநீருக்குச்
சனிக்கிழமையைத் தெரியாது.
இன்றைய ரத்தம்
உங்கள் பழைய கதையைத்தான் சொல்லும்."

மேஜைக் காலண்டரை அவன் பக்கம் திருப்பினாள்.
கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் இரண்டு வாரம்.
ஹெச்ஐவிக்கு, ஆய்வகத்தில் பார்த்தால்,
நாற்பத்தைந்து நாள்.
சிபிலிஸ் சில வாரத்தில் தலைகாட்டலாம்,
இல்லை என்று நிச்சயமாகச் சொல்லப்
பன்னிரண்டு வாரம் ஆகும்.

(தமிழில் இதற்கு மேகநோய் என்று பெயர்.
யார் வைத்தார்களோ.
வானம் மூடிக் கிடக்கிறது,
பெய்யுமா கலையுமா என்று
அண்ணாந்தபடியே நாட்கள் போகின்றன.)

அதுவரை உறை. அல்லது விலகியிரு.
அவன் பேசாமல் குப்பியை நிரப்பிக் கொடுத்தான்.

வட கடலில் மூன்று வாரம்.
கிரேன் கூண்டில் உட்கார்ந்து
கப்பலிலிருந்து குழாய்களைத் தூக்கி
மேடையில் இறக்கினான்.
கீழே ஆய்வாளர் ஒருவர்
பழைய குழாயின் மேல் ஒலிக்கருவியை நகர்த்திக்கொண்டிருந்தார்.
வெளியே புது வண்ணம்.
உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைத்
தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது.
மர்டோ பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

பதினோராம் நாள், உணவறையில்
பொரித்த மீன் ஆறிக்கொண்டிருக்கையில்
குறுஞ்செய்தி வந்தது.
கிளமிடியா: இருக்கிறது.

முதலில் ஒரு நிம்மதி, வெட்கங்கெட்ட நிம்மதி.
பிடிபட்டாகிவிட்டது, இனி ஓட வேண்டாம்.
பிறகு கை கரண்டியிலேயே நின்றது.

இது இரண்டாம் நாள் குப்பி.
அதற்குத்தான் சனிக்கிழமையைத் தெரியாதே.

மேடைத் தொலைபேசியில் வரிசை நின்று
கிளினிக்கைக் கூப்பிட்டான்.
"பெரும்பாலும் பழையது," என்றாள் இஷ்பெல்.
"மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும்,
சிலருக்கு வருடமும் தாண்டும்.
யாரிடமிருந்து யாருக்கு என்று
குப்பி சொல்லாது.
ஏழு நாள் மாத்திரை.
உங்கள் துணைக்கும் சோதனை, மருந்து.
மற்றவற்றுக்கு நாள் இருக்கிறது, வாருங்கள்."

நாற்பத்தைந்துக்கு இன்னும் முப்பத்து நான்கு.

ரோனா பீட்டர்ஹெட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
நாலரை மணிக்குத்தான் எடுப்பாள்.
அவளிடம் சொல்ல அவன்
ஒரு குற்றத்தைத் தயாராக வைத்திருந்தான்,
ஓரங்களை மழித்து, சொற்களைப் பொறுக்கி.
இப்போது அது இந்த நோய்க்குப் பொருந்தவில்லை,
அளவு மாறிய சட்டை போல.

இரண்டையும் சொன்னான்.
முதலில் சனிக்கிழமை. பிறகு குப்பி.
பின்னால் காற்று அடித்தது.
வரிசையில் நின்றவன் இருமினான்.

அந்தப் பக்கம் கெட்டில் கொதித்துத்
தானே அணைந்தது.

அழுவாள் என்று நினைத்தான்.
வைத்துவிடுவாள் என்று நினைத்தான்.
யாருடன் என்று ரோனா கேட்கவில்லை.

"அந்தக் குப்பி," என்றாள்,
"எப்போதிலிருந்து இருக்கலாம் என்கிறார்கள்?"

அவன் பதில் சொல்வதற்குள்
அந்த முனையின் அமைதியில்
யாரோ விரல்விட்டு எண்ணுவது
கேட்பது போலிருந்தது.