நம்ம கரண்ட் இல்லை

இரவு பதினொன்று நாற்பது.
பள்ளத்தூர் துணைமின் நிலையத்துக்கு ஒரு போன்.
பூட்டிய வீட்டின் காவலாள் அடைக்கப்பன்:
"மேடம், மாடியில நிக்கிற சிப்பாய்
துப்பாக்கி நுனியில கரண்ட் கசியுது.
நீலமா எரியுது. வந்து நிறுத்துங்க."

எந்தச் சிப்பாய் என்று கேட்கவில்லை.
இந்தப் பக்கத்து முகப்புகளில்
லட்சுமிக்கு இரு புறமும்
தொப்பி போட்ட சுதை வெள்ளைக்காரன்கள்
காவல் நிற்பது தெரிந்ததுதான்.
ஆனால் கசிவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை.
கோட்டையூர்ப் பக்கம் கிளை விழுந்து
பத்து மணிக்கே பீடரை நிறுத்தியது நான்,
இந்தக் கையால்.

ஸ்கூட்டியை நான் ஓட்ட
பின்னால் சாத்தையா, தோளில் அலுமினிய ஏணி.
மழை இன்னும் இறங்கவில்லை.
தெரு மொத்தமும் கரி.

பார்த்தேன்.
காரை உதிர்ந்து, துப்பாக்கி உதிர்ந்து,
உள்ளே வைத்துக் கட்டிய கம்பி மட்டும்
வானத்தைக் குறி வைத்திருந்தது.
அதன் நுனியில் ஒரு விரல் நீளம் ஊதா.
அத்தனை காற்றிலும் அது ஆடவில்லை.
சூடான தோசைக்கல்லில்
தெளித்த நீர் வற்றும் சத்தம்
விடாமல்.

அடைக்கப்பன் செருப்பைக் கழற்றியிருந்தார்.
"அம்பாளா, மேடம்?"
"தெரியல. நம்ம கரண்ட் இல்லை."
பதினாறு வருஷத்தில் ஒரு புகாருக்கு நான் சொன்ன
சுத்தமான பதில் அதுதான்.

பாலிடெக்னிக்கில் படித்தது
பரீட்சைக்குப் பிறகு முதல்முறை திரும்பி வந்தது:
உருண்டையில் பரவிக் கிடக்கும் மின்னூட்டம்
கூரில் நெருக்கியடித்து நிற்கும்,
இடம் போதாமல் காற்றைப் பிய்க்கும்.
ஐந்து மதிப்பெண்.
குளிர்ந்த தீ இவ்வளவு அழகாக இருக்கும் என்று
எந்த வினாவிலும் வரவில்லை.

நான் நின்றுவிட்டேன். அதுதான் தப்பு.

சாத்தையா ஏணியை நிமிர்த்தினார்.
அதன் இரண்டு கால் நுனியிலும்
ஆளுக்கொரு நீலம் முளைத்தது.
என் முன்கை மயிர்
வருகைப் பதிவில் பெயர் வாசித்ததுபோல்
ஒவ்வொன்றாக எழுந்தது.

"போடு! கீழ போடுடா!"
என்னைவிட எட்டு வயது மூத்தவர்.
அதற்கு முன் 'ங்க' போடாமல் நான் பேசியதில்லை.
ஏணி விழுந்த சத்தம் முதலிலா,
ஊருணிக்கரைப் பனையில் இறங்கிய வெளிச்சம் முதலிலா,
இன்றுவரை மூன்று பேரும் மூன்று விதம்.

கண் தெளிந்தபோது சிப்பாயிடம் ஒன்றுமில்லை.
சுவிட்சைத் தட்டி அணைத்த மாதிரி
வெறும் கம்பி.
பனையின் உச்சி மட்டும் எரிந்தது,
சாதாரண மஞ்சளில்.
பிறகுதான் மழை.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
மேகம் என்று எழுதி, அடித்தேன்.
துப்பாக்கி என்று எழுதி, அதையும்.
மீட்டர் எண்: இல்லை.
நடவடிக்கை: ஏணி வளைந்தது. புதிது தேவை.

காலையில் ஏ.இ. கேட்டார்,
தரையில் போட்டால் இப்படியா வளையும்?
நான் வாயைத் திறப்பதற்குள் சாத்தையா,
"கை தவறிருச்சு சார்."

அந்தத் தாழ்ந்த ஆஸ்பெஸ்டாஸ் அறையில்
மெமோ யார் தலையில் இறங்கும் என்று
எங்கள் இருவருக்கும் தெரியும்.
நிமிர்ந்து நின்றவர் அவர்.