காது

நகரியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை.
தமிழில் கேட்கும்.
தெலுங்கில் இல்லை என்று மறுக்கும்.
ஞாயிறு மாலை டில்லிபாபுவின் மாடியறையில்
இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும்.
"காது" என்பான் தயாநிதி, தலையை ஆட்டி.
எந்த மொழியில் என்று நாங்கள் கேட்பதில்லை.

நாலு பேர்.
விசைத்தறி மெக்கானிக் டில்லிபாபு,
ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் தயாநிதி,
பல் ஆஸ்பத்திரியில் தட்டேந்தி நிற்கும் ஏகவள்ளி,
மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கணக்கெழுதும் நான்.
ஜாஸ் என்றால் உயிர்; வாசிக்க ஒருவருக்கும் வராது.
சட்டம் ஒன்றுதான்:
உறையைப் பார்க்காமல் ஆளைச் சொல்ல வேண்டும்.
தோற்றவர் போண்டா வாங்க வேண்டும்.

அன்றைக்கு வந்த கேசட்டுக்கு உறையே இல்லை.
அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒன்றைக் காலி செய்தபோது
பழைய பேப்பர்க்காரன் தராசில் கிடந்ததாம்.
இன்ஸ்டிட்யூட் ஹாலில் ஏதோ நடனம்,
டிசம்பராக இருக்கலாம்,
கண்ணாடி டம்ளர், தரையில் ஷூ தேயும் சத்தம்,
யாரோ நாற்காலி இழுக்கிறார்கள்.
பிறகு சாக்ஸபோன்.

டில்லிபாபு கண்ணை மூடினான்.
எந்தத் தறி தப்பாக ஓடுகிறது என்று
தெருமுனையில் நின்றே சொல்லும் ஆள்.
"கிளாரன்ஸ். பெரம்பூர் கிளாரன்ஸ்.
சுரத்தை முடிக்கும்போது பாரு,
ஈரத்துணியைக் கொடியில போடற மாதிரி
மெதுவா ஆட்டி விடறான்."
"காது" என்றான் தயாநிதி. "ஆல்ஃபி.
தாளத்துக்கு முந்திக்கிட்டு வரான்.
கிளாரன்ஸ் எந்த வண்டிக்கும் ஓடினதில்ல."
டிரம்ஸ்காரன் விஷயத்தில் மட்டும் சண்டை இல்லை.
யாரென்று தெரியாது, களைத்திருந்தான்.

மூன்று தடவை போட்டோம்.
மூன்றாவதில் நானும் கிளாரன்ஸ் பக்கம் சாய்ந்தேன்.
தயாநிதி பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஒன்பதரைக்குத் தெருவில் தறிகள் நின்றன.
ஷிஃப்ட் மாறும் நேரம்.
மங்கிக் கிடந்த பல்பு சட்டென்று வெளுத்தது.
டேப் ஓடிக்கொண்டே இருந்தது.
சாக்ஸபோன் நிமிர்ந்து உட்கார்ந்தது.
கால் சுரம் ஏறி,
அந்த ஈரத்துணி காய்ந்து
காற்றில் படபடத்தது.
ஆல்ஃபி.
சந்தேகமே இல்லை, ஆல்ஃபி.

இத்தனை வருஷம்
முந்நூறு தறி இழுத்தது போக
மீந்த கரண்ட்டைக் குடித்துத் தள்ளாடிய மோட்டார்.
ஆறு மணிக்கும் ஒன்பதரைக்கும் நடுவே
நாங்கள் பெயர் வைத்த எத்தனை பேர்
வேறு யாரோ.
அலமாரியைப் பார்த்தேன். டில்லிபாபு கையெழுத்தில்
கிளாரன்ஸ், கிளாரன்ஸ், கிளாரன்ஸ்.
ஒரு மனுஷன் அவ்வளவு வாசித்திருப்பானா என்று
அப்போதே யோசித்திருக்கலாம்.

டில்லிபாபு பேசவில்லை.
சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து
திரும்ப அங்கேயே வைத்தான்.

"ரெண்டுலயும் ஒண்ணு மாறல"
என்றாள், அதுவரை முறுக்கு கடித்துக்கொண்டிருந்த ஏகவள்ளி.
"சுரம் பிடிக்கறதுக்கு முன்னாடி
ஸ்ஸுன்னு காத்து கசியுது.
மேல்வரிசை, இடது பக்கம்.
இந்த ஆளுக்கு ஒரு பல்லு இல்ல."

மறுபடி போட்டோம்.
கசிந்தது.
"கிளாரன்ஸுக்குப் பல் இருந்துச்சா?"
"எந்தப் போட்டோவிலும்
வாயில சாக்ஸபோன்தானே இருக்கு" என்றான் தயாநிதி.

பத்து மணிக்கு அடுத்த ஷிஃப்ட் தொடங்கியது.
பல்பு மங்கியது.
எங்கள் எதிரிலேயே ஆல்ஃபி
கொஞ்சம் கொஞ்சமாகக் கிளாரன்ஸ் ஆனான்.

போண்டாக் கடை மூடிவிட்டார்கள்.
கேசட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டி நான்தான் எழுதினேன்:
அரக்கோணம். டிசம்பராக்கும். ஒரு பல் இல்லை.
பெயருக்கு விட்ட இடத்தில்,
எழுதட்டுமா என்று மூன்று பேரையும் பார்த்துவிட்டு,
காது.