அது வந்து

பாகலூர் ரோட்டில் மூன்று மொழியில் வாடகை பேசுகிறார்
திம்மராயப்பா.
ரோஜாக் கூடாரங்கள் கட்டிக்கொடுத்த வீடு.
மாடியில் இரண்டு அறை, போர் தண்ணீர், தனி மீட்டர்.
என் பக்கத்தில் ஹோனமி
நனைந்த குடையை மடிப்பு மடிப்பாக நீவிப்
பொத்தான் போடுகிறாள்.
நான் மொழிபெயர்ப்பாளர்.
நான் சொல்வது எதுவும் நான் சொல்வதில்லை.

காலையில் சிப்காட்டிலும் அப்படித்தான்.
வார்ப்படத்தில் விழுந்த விரிசலுக்காகக் கூட்டம்.
நகோயாவிலிருந்து வந்த தெராஷிமா
தரப் பிரிவின் தலைவி ஹோனமியையும்
அவளுக்கு அருகில் என்னையும் தாண்டிக் கதவைப் பார்த்து
"பொறுப்பான ஆள் இனிமேல்தான் வருவாரா?" என்றார்.
சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன்.
ஷிஃப்ட் இன்சார்ஜ் பூவரசன் சிரித்துவிட்டு
"நானும் அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.
அதையும் ஜப்பானியத்தில் சொன்னேன்.
ஆறு மாதத்தில் இரண்டு தேசங்களும்
முழுசாக ஒத்துப்போனது
என் வாய்க்குள்தான்.

தொயோஹாஷியில் நான்கு வருடம்
நான் நீராபேனி.
அவர்கள் நாக்கில் லகரம் நிற்காது, வகரம் வழுக்கும்;
நீலவேணி ஓசூரிலேயே தங்கிவிட்டாள்.
நெரிசல் ரயிலில் எனக்குப் பக்கத்து இருக்கையில்
என் கைப்பை சௌகரியமாக உட்கார்ந்து வரும்.
யாரும் திட்டியதில்லை. தள்ளியதில்லை.
நான்காம் வருடமும்
குச்சியால் நன்றாகச் சாப்பிடுகிறாயே என்று பாராட்டினார்கள்,
நடக்கப் பழகிய குழந்தைக்குக் கைதட்டுவது போல.

கைஜின் என்பது இரண்டு எழுத்து.
ஒன்று வெளி, மற்றது ஆள்.
மனைவிக்கும் இரண்டு எழுத்து. வீடு, உள். கனாய்.
இதில் ஆள் இல்லை.
வியக்க ஒன்றுமில்லை.
எங்கள் ஊர் ஆண்களும்
"வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்றுதான் எழுந்து போவார்கள்,
சுவருக்கு வாய் இருப்பது மாதிரி.
வெளியாளாகவும் பெண்ணாகவும் ஒருத்தி போனால்
எங்கே நிற்பாள்?
அவர்கள் வீடுகளில் வாசலுக்கு உட்புறம்
செருப்புக் கழற்ற ஒரு சின்னப் பள்ளம் உண்டு.
நான் அங்கே நின்றேன்.

வீடு தேடி எட்டுத் தரகர்கள்.
எட்டுப் பேரும் பல்லிடுக்கில் காற்றை இழுத்து
"ச்சொத்தோ…" என்றார்கள்.
சொத்தோ என்று கேட்கும் என் காதுக்கு.
நிலமோ, வீடோ, ஏதோ தரப்போவது போல.
உண்மையில் 'கொஞ்சம்' என்று அர்த்தம்.
கொஞ்சம் என்ன என்று சொல்லமாட்டார்கள்.
முதல் தரகரிடம் வாக்கியம் முடியட்டும் என்று
ரொம்ப நேரம் காத்திருந்தேன்.
ஹோனமிதான் என் முழங்கையைத் தொட்டு
முடிந்துவிட்டது, வா, என்றாள்.
ஒன்பதாமவரிடம் ஜாமீன் கையெழுத்து அவள்தான் போட்டாள்.
அவர் இரு கைகளாலும் பத்திரத்தை வாங்கி, குனிந்து,
உங்கள் அப்பாவின் முத்திரையும் இருந்தால் நல்லது என்றார்.
பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள்.
கூட்டங்களில் அதுவரை
தேநீரும் அவள்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு வீடு.

பின்கட்டில் தகரத்துக்குக் கீழே
ஒன்பது பையன்கள், தலைக்கு இவ்வளவு என்று வாடகை.
ஒருவன் பாத்திரம் கழுவியபடி எங்களை நிமிர்ந்து பார்த்தான்.
"ஹிந்திக்காரப் பசங்க, கண்டுக்காதீங்க" என்கிறார் திம்மராயப்பா.
அவர்கள் பேசுவது ஒடியா.
எனக்குத் தெரியும்.
நேற்றுவரை நானும் அப்படித்தான் சொன்னேன்.
இந்த ஒரு வரியை மட்டும்
ஹோனமி கேட்கவில்லை, நான் பெயர்க்கவில்லை.

"ஜப்பான்காரங்கன்னா சுத்தம், எனக்குத் தெரியாதா?
அட்வான்ஸ்கூடக் கொறச்சுக்கலாம்.
சார் எப்ப வர்றாரு?"

சார் இல்லை என்றேன்.
இவர்தான் சார் என்றேன்.
தனியாக.

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.
பிடரியைச் சொறிந்தார்.
சாவி திரும்ப மடிக்குள் போனது.

"அது வந்து…"

ஏழு வருடத் தொழிலில்
இவ்வளவு கச்சிதமான சொல் எனக்கு அகப்பட்டதில்லை.
மூச்சைப் பல்லிடுக்கில் இழுத்து
ஹோனமி பக்கம் திரும்பினேன்.

நான் வாயைத் திறக்கும் முன்பே
அவள் குடையின் பொத்தானைக்
கழற்றத் தொடங்கியிருந்தாள்.