ஐந்து டாலர் அபராதம்

ஆப்பிள் உலர்த்தும் பெட்டிக்குள்
ஒலிநாடாவை வைத்திருக்கிறேன்.
நூற்று முப்பது டிகிரி, எட்டு மணி நேரம்,
மணிக்கொருமுறை புரட்டிப் போட வேண்டும்.
ரொட்டி சுடுவதுபோலத்தான்;
தீய்ந்துபோனால் மட்டும்
இன்னொன்று தட்ட மாவு கிடையாது.

ஆர்வில் எட்டிப் பார்த்து
"இன்றைக்கும் அதேதானா" என்கிறார்.
லவங்கப்பட்டை மணந்த சமையலறையில் இப்போது
மெழுகுக் கிரேயான் வாடை.
ஆப்பிள் வற்றலைக் கடையில் வாங்கிக்கொள்கிறோம்.

பாலத்துக்கு அக்கரையில், சுப்பீரியரில்,
யாரோ கராஜைக் காலிசெய்த சனிக்கிழமை.
பனிச்சறுக்குக் காலணிகளுக்கும்
பிடி உடைந்த வாஃபிள் இயந்திரத்துக்கும் நடுவே
ஏழு அட்டைப்பெட்டிகள்.
எலிப் புழுக்கைக்காக இரண்டு டாலர் குறைத்தாள்.

மூடிமேல் பென்சில் எழுத்து:
1974 டிசம்பர். நள்ளிரவு முதல் ஆறு. ரிக் ஹார்ட்.
ரிக் ஹார்ட் என்று யாரும் இருந்ததில்லை.
அடியில் கிடந்த சம்பளச் சீட்டில்
ரெய்னோ ஹக்கலா.
அந்த நிலையத்தில் எல்லோருக்கும்
அரை மூச்சில் முடிகிற பெயராகக் கொடுத்தார்கள்.

பகலில் நான் பல் மருத்துவரின் உதவியாள்.
பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு
இயந்திரத்தின் தலையைத் துடைக்கும்போது
"இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்கள்" என்று
பழக்கதோஷத்தில் சொல்லியிருக்கிறேன்.
பஞ்சில் பழுப்புத் தூள். இரும்புத் துரு.
டுலூத் துறைமுகம் கப்பல் கப்பலாக அனுப்பியதில்
ஒரு சிட்டிகை திரும்பி வந்திருக்கலாம்,
குரலைச் சுமந்துகொண்டு.

ஆறு மணி நேர நிகழ்ச்சி
பத்தொன்பது நிமிடத்தில் தீர்ந்துபோனது.
மைக்கைத் திறந்தால் சுழலும்,
மூடினால் நிற்கும்: அப்படி ஓர் இயந்திரம்.
ஆள் ஒழுங்காகப் பேசுகிறானா என்று
மேலாளர் காலையில் கேட்டுப் பார்க்க.
பாட்டு அவருக்கு எதற்கு?
அதுதான் தட்டில் இருக்கிறதே.

பூவையெல்லாம் உதிர்த்துவிட்டு
நாரைப் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள்.
ஒரு பாட்டின் கடைசி முரசடி,
"நான்கு பன்னிரண்டு,
பூஜ்யத்துக்குக் கீழே நான்கு,
ஏரியில் இரண்டு கப்பல் காத்திருக்கின்றன",
அடுத்த பாட்டின் முதல் கிதார் தந்தி,
துண்டு.
டயர்க் கடை. துண்டு.
பனிக்காக மூடிய பள்ளிகள், அகர வரிசையில். துண்டு.
பள்ளிப் பெயர்களைக்கூட
மெட்டில்தான் வாசிக்கிறார்.

டல்சாவிலிருந்து வென்டெல் ஸ்ட்ரூப் எழுதினார்:
இடைவெளிகளில் இசைத்தட்டுப் பாடல்களை
ஒட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.
ஒரு மணி நேரத்தை ஒட்டியும் அனுப்பினார்.
கேட்டேன். எங்கேயோ தையல் உறுத்தியது.
நிலையத்தில் தட்டுகளைச்
சற்றே வேகமாகச் சுழற்றியிருக்கிறார்கள்,
எதிர் நிலையத்தைவிடப் பாட்டு பளிச்சென்றிருக்க.
ஸ்ட்ரூப்பின் பாடல்கள் சரியான சுருதியில் இருந்தன.
தப்பு அதுதான்.

ஆறாவது பெட்டியில், மூன்று நாற்பதுக்குமேல்,
மைக்கை மூட மறந்திருக்கிறார்.
பாட்டு ஓடுகிறது. முழுவதும்.
அதன்மேல் நாற்காலி கிறீச்சிடுகிறது.
வேர்க்கடலை உடைகிறது.
இரண்டாம் சரணத்தில்
மேசைமேல் நாணயங்கள் விழ விழ
ஒருவர் ஃபின்னிஷ் மொழியில் எண்ணுகிறார்,
தாழ்ந்து, அவசரமில்லாமல்,
யுக்சி, கக்சி, கொல்மே...
ரிக் ஹார்ட்டுக்கு அந்த மொழி தெரியாது.
முப்பத்தேழில் எண்ணிக்கை நிற்கிறது.
சென்ட்டா கால் டாலரா
சத்தத்தில் பிடிபடவில்லை.

அந்தப் பெட்டி மூடியில் மட்டும் சிவப்பு மை:
கவனக்குறைவு. ஐந்து டாலர் அபராதம்.

ஏழு பெட்டியிலும்
உடையாமல் கிடைத்த ஒரே பாட்டு.

கடலையையும் சில்லறையையும்
கணினியில் அழித்துவிடலாமே,
பாட்டு சுத்தமாகிவிடும் என்கிறார் ஸ்ட்ரூப்.
பதில் எழுதவில்லை.
அட்டவணையில் பிழை என்ற கட்டத்தில்
'உண்டு' என்று எழுதிவிட்டுக்
கீழே இரண்டு கோடு போட்டேன்.

உலர்த்தும் பெட்டி மணியடிக்கிறது.
மாடிப்படியில் ஆர்வில்
அந்தப் பாட்டை முனகிக்கொண்டு ஏறுகிறார்,
பதினாறு வயதில் கேட்டபடியே,
கொஞ்சம் வேகமாக.