புள்ளிக் கோடு

தக்கலையில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
மேசைக்கு ஆறு பேர், தலைக்கு மேல்
சுற்றுவதாகப் பேர் பண்ணும் ஒரு ஃபேன்.
என் கைப்பையில் நான்காய் மடித்த
விருப்ப ஓய்வு விண்ணப்பம்.
தேதி மட்டும் எழுதவில்லை.

குலசேகரத்தில் பத்தொன்பது வருடம் கணக்கு.
கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதுபோல
தேற்றங்களைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன்,
யார் எங்கே இறங்குகிறார்கள் என்று
பார்க்காமல்.

இரண்டாம் நாள் பதினொன்றரைக்கு அந்தத் தாள் வந்தது.
அறுபது மீட்டர் கலங்கரை விளக்கம்.
உச்சியிலிருந்து படகுக்கு இறக்கக்கோணம் முப்பது.
படகு எவ்வளவு தூரத்தில்?
பிள்ளை கோணத்தைக் கோபுரத்தோடு ஒட்டி வரைந்திருந்தது.
அங்கே தொடங்கிய தப்பு
கடைசி வரைக்கும் ஒழுங்காக வளர்ந்து
இருபது ரூட் மூன்றில் போய் நின்றது.
அதற்கும் கீழே பென்சிலில்:
'காற்று அடித்தால் படகு அங்கேயே நிற்காது.'

சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன்.
பக்கத்து நாற்காலி ததேயுஸ் சார் எட்டிப் பார்த்தார்.
"எந்த ஜில்லாத் தாளோ தெரியாது.
ஆனா இது கடப்புறத்துப் பிள்ளயாக்கும்."

தேநீர் இடைவேளையிலும் அவர் விடவில்லை.
ரோட்டோரக் கடையில் கட்டஞ்சாயா, பழம்பொரி.
வரைந்து காட்ட ஒரு தாள் கேட்டார்.
பையில் கைக்கு வந்ததைக் கொடுத்தேன்.

"முட்டத்துல நான் மொதல்ல படமே போட மாட்டேன்.
பாறைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்.
நேரா பாருங்கலேம்பேன்.
கடலும் வானமும் ஒட்டுற கோடு தெரியும்லா?
அதான் ஒங்க புள்ளிக் கோடு.
இனி கழுத்தக் குனிச்சு வள்ளத்தப் பாருங்க.
எவ்வளவு குனிஞ்சியளோ
அதாக்கும் கோணம்."

பழம்பொரி வாய்க்குப் பாதி வழியில் நின்றுபோனது.
ஸ்கேல் வைத்து, சாக்பீஸ் தேய,
எத்தனை ஆயிரம் புள்ளிகள் வைத்திருப்பேன்!
அது அடிவானம் என்று
எனக்கே யாரும் சொன்னதில்லை.

"கடலில்லாத ஊருக்காரங்க என்ன செய்வாங்களாம்?"
திருவிதாங்கோடு பீமா டீச்சர் சண்டைக்கு வந்தாள்.
அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வாப்பாமார் கொத்தனார்கள்.
ரசமட்டம் ஒன்றை இரவல் வாங்கி
மாடிப்படிக் கைப்பிடியில் வைத்து நடத்துவாளாம்,
குமிழி நடுவில் வந்து நின்றால் அதுதான் கோடு.
"பின்னே, கணக்குல காத்தெல்லாம் கிடையாது சார்.
அந்த வரிக்கு மார்க்கு கேக்காதீங்க."
"கேப்பேன்" என்றார் அவர்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், தீர்ப்புக்கு.
நான் வேறெங்கோ இருந்தேன்.
"எங்க ஊர்ல ரப்பர்" என்றேன்.
"மரம் எப்படிச் சரிஞ்சு நின்னாலும்
சிரட்டைக்குள்ள பால் சரியாது."
சொன்ன பிறகுதான்
என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.
பீமா கண்ணாடி டம்ளரைச் சாய்த்துப் பிடித்தாள்.
சாயா மட்டமாகவே நின்றது.
மூன்று பேரும் அதைக் குனிந்து பார்க்க,
கடைக்காரர் எங்களைப் பார்த்தார்.
மணி அடித்தது கேட்கவில்லை.
முகாம் அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்,
பின்பெஞ்சுப் பிள்ளைகள் மாதிரி.

அந்தத் தாளுக்கு ஐந்தில் இரண்டு.
காற்றுக்கு விடைக்குறிப்பில் இடமில்லை.

சாயங்காலம் திருவட்டாறு வழி பஸ்.
சில்லறை தேடியபோது விண்ணப்பம் கையில் தட்டியது.
பின்பக்கத்தில் ஒரு வள்ளம், எண்ணெய்க் கறை,
ததேயுஸ் சாரின் நீளமான புள்ளிக் கோடு.
முன்பக்கத்தைத் திருப்பி வாசிக்கத் தோன்றவில்லை.
நாளைக்கு அந்த மேசையில்
இன்னும் இருநூறு தாள்.
வட்டத்துக்குத் தொடுகோடு வரைய
பீமா என்ன செய்வாள் என்று கேட்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே தோட்டங்கள் ஓடின.
வெட்டு ஓய்ந்த மாசம்,
சிரட்டையெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
பரவாயில்லை.
பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில்
நன்றாகச் சரிந்த மரமாக ஒன்றைத்
தேடிக்கொண்டே வந்தேன்.