தகப்பன் தொழில்

பெரியாஸ்பத்திரியிலை
நிறோஜினியிட்டைத்தான் எல்லாம் கேட்டவை.
வயித்திலை இருக்கேக்கை காய்ச்சல் வந்ததோ,
என்ன மருந்து எடுத்தனீர்,
சொந்தத்துக்குள்ளையோ கலியாணம்,
கிரகணத்தண்டு வெளியிலை போனனீரோ எண்டு
பக்கத்துக் கட்டில்காரியும் கேட்டா.
இல்லை இல்லை எண்டவள்
பப்பாசி எண்டு ஆரோ சொன்ன உடனை
ஒரு துண்டுதான், ஒரே ஒரு துண்டு எண்டு
அழத் தொடங்கியிட்டாள்.
மாமி அண்டைக்கே போய்
கிணத்தடிப் பப்பாசியைத் தறிச்சுப் போட்டா.

என்னிட்டை ஒண்டுதான்.
தகப்பன் தொழில்?
தோட்டம் எண்டனான்.
நேர்ஸ் எழுதிப்போட்டு
மற்றப் பக்கத்தைப் பிரட்டினா.

என்ன மருந்து எண்டு
என்னிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை.

புத்தூர்ச் செம்பாட்டிலை எட்டுப் பரப்பு வெங்காயம்.
முதுகிலை தாங்கி,
மூடி இறுகாமல் நாரியாலை ஒழுகி
சாரம் நனைஞ்சு தொடையிலையே காய்ஞ்சுபோம்.
ஒரு மூடி எண்டு போத்திலிலை போட்டிருந்தது.
புழு சாகேல்லை, ரண்டு விட்டன்.
பிறகு அளக்கிறதையே விட்டிட்டன்.
கையை விட்டுத்தான் கலக்கினனான்.
பதினொரு வருசம்.
கழுவினாலும் போகாத அந்த மணத்தோடைதான்
அவளுக்குப் பக்கத்திலை படுத்தனான்.

பிள்ளைக்கு இடக்கையிலை மூண்டு விரல்.
நான் கலக்கிறதும் இடக்கையாலை.
அப்பிடி ஒண்டுக்கொண்டு நேராய் வராது எண்டு
எனக்கும் தெரியும்.
எண்டாலும் சோத்திலை கைவைக்கேக்கை
எண்ணிப் பாக்கிறன்.

டொக்டர் பிள்ளை சின்ன வயசு.
கதவடியிலை மறிச்சுக் கேட்டன்.
ஆம்பிளையின்ரை வித்திலையும் பழுது வரலாம் அண்ணை,
உங்களுக்கு அதாலைதான் எண்டு
என்னாலை சொல்லேலாது எண்டா.
இல்லை எண்டும் சொல்லேல்லை.

ஓட்டோ நிலாவரை தாண்டேக்கை சொன்னன்:
பப்பாசி இல்லையப்பா.
அவள் றோட்டையே பாத்துக்கொண்டு வந்தாள்.
இரவு விளக்கைப் போட்டு எழும்பிப் போய்
கொடியிலை கிடந்த என்ரை சாரத்தை எடுத்து
மூக்கிலை வைச்சுப் பாத்தாள்.
கன நேரம்.
பிறகு அதை மடிச்சு
வாசலுக்கு வெளியாலை வைச்சாள்.

விடியத் தோட்டத்துக்குப் போனன்.
வெங்காயம் நுனி கருகத் தொடங்கியிட்டுது.
கொட்டில் வளையிலை
அரைப் போத்தில் கிடக்கு,
கடனுக்கு வாங்கினது.