பதினொரு சொல்

"டொச்சில் ஆறே சொல்.
உங்களுக்குப் பதினொன்றா? பெட்டிக்குள் அடங்காதே"
என்கிறார் தொலைபேசியில்,
பேர்ண் சுகாதாரத் திணைக்களத்து
ஸ்பிண்டன் அம்மணி.

மலம் என்றால் ஆஸ்பத்திரி வாடை.
மற்றச் சொல்லை அரசாங்கம் சொல்லலாமா?
"வெளிக்குப் போனதில் கொஞ்சம்" என்று எழுதினேன்.
ஐம்பது தாண்டிய எல்லோருக்கும்
குழாயும் குச்சியும் அனுப்பி
இதைக் கேட்கத்தான்
ஓர் அரசு வேண்டியிருக்கிறது.
பக்கத்து வீட்டார் கேட்பாரா?

"வெட்கம் வேண்டாம்" என்ற கடைசி வரி
மூலத்தில் இல்லை.
அம்மணி அதை எண்ணவில்லை,
நானும் வாய் திறக்கவில்லை.

மார்கழியில் எனக்கு ஐம்பது முடிந்தது.
தையில் கடிதம்,
என் சொற்களோடு,
என் எழுத்துப்பிழை ஒன்றோடும்.

நாலு நாளாய் மைக்ரோவேவ் மேல் கிடக்கிறது.
"வாசிச்சனீங்களோ?" என்றாள் மனைவி.
"ஓம், நல்ல தமிழ்."